"போலீசுக்கு மட்டும்தான் தருவோம்" என்கிறார்கள்: கார் பார்க் கேமரா பதிவைக் கேட்டு வாங்குவது எப்படி?

கேள்வி: வணக்கம் ஐயா. லண்டன் ஹாரோவில் குடும்பத்தோடு இருக்கிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாமியாரைக் கண் பரிசோதனைக்காக ஒரு ஷாப்பிங் சென்டருக்குக் கூட்டிப் போனேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். மாலையில் கண்ணாடியை வாங்கிவர மறுபடி போனேன். அதுவும் அரை மணி நேரம்தான். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு தனியார் பார்க்கிங் கம்பெனியிடமிருந்து என் கணவர் பெயருக்குக் கடிதம் வந்தது. காலை 10:04-க்கு உள்ளே வந்த கார் மாலை 4:52-க்குத்தான் வெளியே போனதாம். அங்கே மூன்று மணி நேரம்தான் நிறுத்தலாம் என்பதால் 100 பவுண்டு கட்டச் சொல்கிறார்கள். 14 நாளுக்குள் கட்டினால் 60. கார் கணவர் பெயரில் இருக்கிறது, அன்று ஓட்டியது நான். கேமரா வீடியோவைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று போன் செய்து கேட்டேன். முதலில் பேசியவர் "போலீசுக்கு மட்டும்தான் தருவோம்" என்றார். மறுநாள் பேசியவர் 10 பவுண்டு கட்டணமும் பாஸ்போர்ட் நகலும் கேட்டார். எங்களுக்கு வீசா புதுப்பிக்கும் நேரம் இது. வம்பு எதற்கு, 60 பவுண்டைக் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். வீடியோவைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? எப்படிக் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அறுபது பவுண்டோடு தொல்லை ஒழியட்டும் என்று உங்கள் கணவர் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பணத்தைக் கட்டிவிட்டால் விவகாரம் அத்தோடு முடிந்ததாகிவிடும், பிறகு முறையிட முடியாது. நீங்கள் சொல்வதுபோல் கார் இரண்டு முறை வந்து போயிருந்தால் நீங்கள் ஒரு பென்னிகூடத் தர வேண்டியதில்லை. அதைக் காட்டக்கூடிய பதிவைக் கேட்டு வாங்கும் உரிமை உங்கள் இருவருக்கும் சட்டப்படி இருக்கிறது. போலீசுக்கு மட்டும்தான் என்பது தவறு. பத்துப் பவுண்டு கட்டணம் என்பதும் தவறு.

உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றே, முதல் கடிதத்தை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள் என்று தனியாகப் பதில் போட்டிருந்தேன். அந்த அவசரத்துக்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கண்காணிப்புக் கேமரா பதிவுகளை இத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் சட்டம் சொல்லவில்லை. தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அதனால் பல இடங்களில் சுமார் 30 நாளில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். பார்க்கிங் கம்பெனியின் கடிதம் வீட்டுக்கு வந்து சேர்வதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. கட்டலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசுவதில் ஒரு வாரம், போனில் காத்திருப்பதில் சில நாள் என்று போனால், கேட்க வேண்டியதைக் கேட்கும்போது அந்தப் பதிவே இருக்காது. நீங்கள் கேட்பதற்கு முன்பே வழக்கமான முறையில் அழிந்துபோன பதிவுக்காக யாரையும் குறை சொல்ல முடியாது.

கோரிக்கை போய்ச் சேர்ந்த பிறகும் ஓர் ஆபத்து இருக்கிறது. பதில் தர அவர்களுக்கு ஒரு மாத அவகாசம் உண்டு. அந்த மாதத்துக்குள் இயந்திரம் தன் போக்கில் பதிவை அழித்துவிடலாம். கோரிக்கை வந்த பிறகு, தருவதைத் தவிர்க்கும் எண்ணத்தோடு தகவலை அழிப்பதும் மறைப்பதும் 2018-ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் "கோரிக்கை வராமல் இருந்திருந்தாலும் அது அழிந்துதான் இருக்கும்" என்று அவர்கள் தற்காத்துக்கொள்ள அதே பிரிவு இடம் கொடுக்கிறது. அந்த வழியை அடைக்க உங்கள் கையில் ஒரு கருவி இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு விதிகளான யுகே ஜிடிபிஆரில் 18-ஆவது விதி, ஒரு நிறுவனத்துக்கு இனித் தேவைப்படாத தகவல், உங்கள் சட்ட உரிமையை நிலைநாட்டவோ தற்காத்துக்கொள்ளவோ உங்களுக்குத் தேவைப்பட்டால், "இதை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள்" என்று கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆகவே முதல் கடிதத்தின் முதல் பத்தியிலேயே இந்த வாக்கியம் வர வேண்டும்: இந்தக் கட்டணத்தை நான் மறுக்கிறேன், தற்காப்புக்கு இந்தத் தேதியின் பதிவுகள் எனக்குத் தேவை, 18-ஆவது விதியின்படி அவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். இதைப் போனில் சொல்லாதீர்கள். போனில் கேட்டாலும் சட்டப்படி அது கோரிக்கைதான், ஆனால் கேட்டதற்குச் சான்று இருக்காது. மின்னஞ்சலில் அனுப்புங்கள், நாளும் நேரமும் அதில் பதிவாகிவிடும்.

அடுத்து, கம்பெனியிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் "வீடியோ" கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய கார் பார்க்குகளின் வாசலில் இருப்பது பெரும்பாலும் நம்பர் பிளேட்டைப் படிக்கும் ஏ.என்.பி.ஆர் கேமரா. அது நாள் முழுக்கப் படம் எடுத்துக் கோத்து வைப்பதில்லை. ஒரு பிளேட் கண்ணில் பட்டதும் காரை ஒரு படம், பிளேட்டை நெருக்கத்தில் ஒரு படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, எழுத்துகளைப் படித்துக் கணினிக்கு அனுப்பும். கடிதத்தோடு வந்த படங்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் காரின் முன்பக்கம், இன்னொன்றில் பின்பக்கம், கீழே சின்ன எழுத்தில் நேரம். அந்த இரண்டு நேரங்களையும் கழித்துத்தான் 6 மணி 48 நிமிடம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நடுவில் கார் எங்கே நின்றது என்று யாரும் பார்க்கவில்லை.

இரண்டு வருகை எப்படி ஒன்றாகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் நீங்கள் வெளியேறும்போது பின்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், பிளேட்டில் சேறு இருந்திருக்கலாம், வெயில் நேராகக் கேமராவில் அடித்திருக்கலாம். அந்த வெளியேற்றம் பதிவாகவில்லை, அல்லது ஓர் எழுத்து தவறாகப் பதிவாகிவிட்டது. மாலையில் உள்ளே வந்ததும் அப்படியே தவறிவிட்டால், கணினியிடம் இருப்பது காலை நுழைவும் மாலை வெளியேற்றமும் மட்டும். இரண்டையும் சேர்த்து ஒரே வருகையாக்கிவிடும். இந்தத் துறையில் நன்றாகத் தெரிந்த கோளாறு இது. பார்க்கிங் கம்பெனிகளின் இரண்டு சங்கங்களும் சேர்ந்து வெளியிட்டு 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த நடத்தை விதித்தொகுப்பே, கேமரா படங்களை ஒரு மனிதர் சரிபார்த்த பிறகுதான் கட்டணம் விதிக்க வேண்டும் என்கிறது. அப்படிச் சரிபார்த்தாரா, எப்போது, என்ன குறித்து வைத்தார் என்று நீங்கள் கேட்கலாம்.

ஆகவே "வீடியோ தாருங்கள்" என்று மட்டும் எழுதினால், "எங்களிடம் வீடியோ இல்லை" என்று ஒரே வரியில் பதில் வரும். அது பொய்யாகவும் இருக்காது. உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் எல்லாவற்றையும் கேளுங்கள், கேட்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இதைத்தான் இங்கே சப்ஜெக்ட் ஆக்ஸஸ் ரிக்வெஸ்ட் என்கிறார்கள். யுகே ஜிடிபிஆர் 15-ஆவது விதி தரும் உரிமை. தனிப் படிவம் எதுவும் தேவையில்லை. எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். நான் எழுதினால் கடிதத்தின் உள்ளடக்கம் இப்படி இருக்கும்:

"மேற்கண்ட எண்ணுள்ள உங்கள் அறிவிப்பு தொடர்பாக எழுதுகிறேன். அதில் குறிப்பிட்டுள்ள வாகனத்தின் ரெஜிஸ்டர்டு கீப்பர் (வாகனப் பதிவில் பெயர் உள்ளவர்) நான். இந்தக் கட்டணத்தை மறுக்கிறேன். என் சட்டத் தற்காப்புக்குத் தேவைப்படுவதால், அந்த நாளில் இந்த வாகனம் தொடர்பான எல்லாப் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருக்குமாறு 18-ஆவது விதியின்படி கோருகிறேன். மேலும் 15-ஆவது விதியின்படி என்னைப் பற்றியும் இந்த வாகனத்தைப் பற்றியும் நீங்கள் வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கோருகிறேன். அந்த நாளில் நள்ளிரவு முதல் மறு நள்ளிரவு வரை எல்லா நுழைவு, வெளியேற்றக் கேமராக்களிலும் இந்த வாகன எண் படிக்கப்பட்ட ஒவ்வொரு பதிவும், ஜோடி சேராமல் விடப்பட்ட பதிவுகளும், ஓரிரு எழுத்து தவறாகப் படிக்கப்பட்டு இந்த வாகனத்துடையதாக இருக்கக்கூடிய பதிவுகளும், அவற்றின் மூலப் படங்களும் இதில் அடங்கும். வாகனம் தெரியும் காணொளி ஏதும் இருந்தால் அதுவும் வேண்டும். படங்களைச் சரிபார்த்தவர் எழுதிய குறிப்பு, என் முகவரியை வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ-விடம் கேட்ட நாள், உங்களோடு பேசிய தொலைபேசி உரையாடல்களின் பதிவு ஆகியவையும் வேண்டும். இந்தத் தகவல்களை யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள், எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்கள் என்றும் தெரிவிக்கவும்."

கடைசியாக இருக்கும் அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பதிவை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் சொல்லிவிட்டால், பின்னாளில் "அழிந்துவிட்டது" என்று வரும் பதில் நம்பத்தக்கதா என்று நாளை எண்ணிப் பார்த்துவிடலாம். ஜோடி சேராத பதிவும் முக்கியம். காலை 10:30 வாக்கில் வெளியேறியதாக ஒரே ஒரு படம் எங்கேயாவது கிடந்தாலும் உங்கள் பக்கம் நிரூபணமாகிவிடும்.

எந்த முகவரிக்கு அனுப்புவது என்று குழம்ப வேண்டாம். கம்பெனியின் தனியுரிமை அறிவிப்பில் தகவல் பாதுகாப்பு மின்னஞ்சல் இருக்கும். கிடைக்காவிட்டால், ஐ.சி.ஓ எனப்படும் தகவல் ஆணையர் அலுவலகத்தின் இணையதளத்தில், தகவல் பாதுகாப்புக் கட்டணம் செலுத்திய நிறுவனங்களின் பதிவேட்டைத் தேடிப் பாருங்கள். பொது மின்னஞ்சலுக்கு அனுப்பினாலும் கோரிக்கை செல்லுபடியாகும். உள்ளே உரியவரிடம் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு.

இனி, யார் பெயரில் கேட்பது? உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவனிக்க வைத்தது இதுதான். அனுப்ப வேண்டியவர் உங்கள் கணவர். வாகன எண்ணோடு இணைத்து அவர்கள் வைத்திருப்பது அவருடைய பெயரும் முகவரியும். ஆகவே அந்தப் படங்கள் அவரைப் பற்றிய தகவல். அவர் எழுதினால் தட்டிக்கழிக்க முடியாது. நீங்கள் எழுதினால் "இந்தக் காருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?" என்ற கேள்வி வரும், "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்லும் கட்டாயம் இப்போது உங்களுக்கு இல்லை.

காரணம் இது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய கட்டணத்துக்கு முதலில் பொறுப்பு ஓட்டியவர்தான். ஓட்டியவர் யாரென்று தெரியாதபோது கீப்பரிடம் வசூலிக்க வேண்டுமானால், 2012-ஆம் ஆண்டு சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது அட்டவணையில் உள்ள நிபந்தனைகளை கம்பெனி துல்லியமாகப் பின்பற்றியிருக்க வேண்டும். கார் கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கேமராவை மட்டும் வைத்து விதித்த கட்டணம் என்றால், நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் அறிவிப்பு வீட்டுக்கு வந்து சேர வேண்டும். உங்களுக்குப் பன்னிரண்டாம் நாள் வந்திருப்பதால் அந்த நிபந்தனை நிறைவேறியதாகவே தெரிகிறது. ஆனால் அறிவிப்பில் இருக்க வேண்டிய வாசகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று படித்துப் பார்க்காமல் அந்தத் தற்காப்பை நீங்களாகவே கைவிட வேண்டாம். பொய் சொல்லச் சொல்லவில்லை. "நான் போனேன், நான் வந்தேன்" என்று எழுதாமல் "வாகனம் வந்தது, வாகனம் வெளியேறியது" என்று எழுதுங்கள் என்கிறேன். அவசரத்தில் எழுதிய ஒரு "நான்" முழு வாதத்தையும் மாற்றிவிட்டதைப் பலருடைய கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் உங்கள் பெயரில் கேட்க வேண்டிய இடம் வேறு. கார் பார்க்கை நடத்துவது பார்க்கிங் கம்பெனி. ஷாப்பிங் சென்டரின் உள்ளேயும் நடைபாதையிலும் கடை வாசலிலும் இருக்கும் கேமராக்கள் பெரும்பாலும் அந்தக் கட்டடத்தை நிர்வகிப்பவர்களுடையவை, அல்லது அந்தந்தக் கடைக்காரர்களுடையவை. யாருடைய கேமரா என்று அங்கே மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகையில் பெயர் இருக்கும். உங்கள் முகம் அந்தப் பதிவுகளில் இருக்கிறது; அது உங்களைப் பற்றிய தகவல். அங்கே காரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டியதில்லை. இந்தத் தேதியில், காலை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள், இந்த வாசல் வழியாக, வயதான ஒரு பெண்மணியோடு உள்ளே வந்தேன், இன்ன நிற உடை அணிந்திருந்தேன், இத்தனை மணி வாக்கில் வெளியே போனேன் என்று எழுதி, அடையாளம் காண ஒரு புகைப்படத்தையும் இணைத்துவிடுங்கள். மாலை வருகைக்கும் அப்படியே. நேரத்தை எவ்வளவு குறுக்கிச் சொல்கிறீர்களோ அவ்வளவு எளிதாகத் தேடித் தருவார்கள். "அன்று நாள் முழுக்க" என்று கேட்டால், நியாயமான அளவுக்குத்தான் தேட வேண்டும் என்ற விதியைக் காட்டி ஒதுங்கிவிடலாம். 2025-ஆம் ஆண்டு தகவல் பயன்பாடு மற்றும் அணுகல் சட்டம் அதைச் சட்ட வாசகமாகவே எழுதிவிட்டது. முப்பது நாளில் அழியும் அபாயம் இந்தப் பதிவுகளுக்குத்தான் அதிகம், ஆகவே பார்க்கிங் கம்பெனிக்கு எழுதும் அதே நாளில் இவர்களுக்கும் எழுதுங்கள்.

மறுப்புகளுக்கு வருவோம். "போலீசுக்கு மட்டும்" என்று போனில் சொல்பவர் பெரும்பாலும் கால் சென்டரில் இருக்கிறார். வேறு யாரோ ஒருவருடைய பதிவைக் கேட்பவர்களுக்குச் சொல்லும் பதிலை உங்களுக்கும் சொல்லியிருக்கிறார். உங்கள் காரை இடித்துவிட்டுப் போன இன்னொருவரின் படத்தை நீங்கள் கேட்டால், போலீஸ் அல்லது இன்சூரன்ஸ் கம்பெனி வழியாக வாருங்கள் என்று சொல்வதில் நியாயம் உண்டு. நீங்கள் கேட்பது உங்களுடையதை. பத்துப் பவுண்டு, 1998-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் இருந்த கட்டணம். 2018 மே 25-ஆம் தேதி புதிய விதிகள் வந்தபோது அது ஒழிந்தது. வேண்டுமென்றே தொல்லை கொடுக்கும் கோரிக்கைக்கோ அளவுமீறிய கோரிக்கைக்கோ மட்டும்தான் இப்போது கட்டணம் கேட்க முடியும். உங்களுடையது அப்படிப்பட்டதல்ல.

பாஸ்போர்ட் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கேட்பவர் உண்மையில் அவர்தானா என்று நியாயமான சந்தேகம் இருந்தால் அடையாளம் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, அது கிடைத்த பிறகுதான் ஒரு மாதக் கணக்கும் ஓடத் தொடங்கும். ஆனால் அறிவிப்பு எண், வாகன எண், கடிதம் வந்த முகவரி மூன்றையும் சரியாகச் சொல்லும் ஒருவரிடம் பாஸ்போர்ட் கேட்பது மிகை. வாகனப் பதிவுப் புத்தகத்தின் முதல் பக்க நகலைத் தர முன்வாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், நாள் கழிவதைவிட நல்லது என்று ஓட்டுநர் உரிமத்தின் நகலில் எண்ணை மறைத்து, "இந்தக் கோரிக்கைக்கு மட்டும்" என்று குறுக்கே எழுதி அனுப்பிவிடுங்கள்.

"மற்றவர்களின் முகமும் வண்டி எண்ணும் தெரிகின்றன, அதனால் தர முடியாது" என்பதுதான் அடிக்கடி வரும் மறுப்பு. மற்றவர்களின் உரிமையைக் காக்க வேண்டும் என்பது உண்மை, நானும் அதை மதிக்கிறேன். உங்கள் படம் இன்னொருவர் கோரிக்கையில் அப்படியே போவதை நீங்களும் விரும்ப மாட்டீர்கள். ஆனால் அதற்கு வழி மற்ற முகங்களை மங்கலாக்குவது, அல்லது நீங்கள் இருக்கும் பகுதியை மட்டும் படமாக வெட்டித் தருவது. மொத்தமாக மறுக்கும் முன் அதைச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டியது அவர்கள் கடமை. உங்கள் கடிதத்திலேயே "மற்றவர்களை மறைத்துத் தந்தால் போதும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். நேரில் வந்து திரையில் பாருங்கள் என்று அழைத்தால் போய்ப் பார்க்கலாம், ஆனால் நகல் வேண்டாம் என்று எங்கும் கையெழுத்துப் போடாதீர்கள். முறையீட்டில் காட்ட நகல் வேண்டும்.

"கட்டணத்தை எதிர்த்து வாதாடத்தானே கேட்கிறீர்கள்" என்றால், ஆம் என்று சொல்லுங்கள். வழக்குக்குப் பயன்படுத்தும் நோக்கம் இருப்பதாலேயே கோரிக்கை செல்லாததாகிவிடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இலேயே சொல்லிவிட்டது.

பதில் தர ஒரு மாதம் என்றேன். கோரிக்கை செப்டம்பர் 3-ஆம் தேதி சேர்ந்தால் அக்டோபர் 3-க்குள் பதில் வர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் காரணத்தை முதல் மாதத்துக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். ஒரே நாள், ஒரே வண்டி பற்றிய கோரிக்கையில் எனக்கு எந்தச் சிக்கலும் தெரியவில்லை.

ஆனால் மிக முக்கியமாக, இந்தக் கோரிக்கை கட்டணத்துக்கு எதிரான முறையீட்டுக் கெடுவை நிறுத்தி வைக்காது. இரண்டும் தனித்தனித் தடங்கள். அறிவிப்பில் குறிப்பிட்டுள்ள 28 நாளுக்குள் கம்பெனியிடம் முறையீட்டைக் கொடுத்துவிடுங்கள், பதிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாகனம் இரண்டு முறை வந்து போனது, பதிவுகளைக் கேட்டிருக்கிறோம் என்று எழுதி, கையில் இருப்பதை இணையுங்கள். கண் பரிசோதனை நேரம் குறித்த குறுஞ்செய்தி, கண்ணாடி வாங்கிய ரசீது, இடைப்பட்ட நேரத்தில் வேறு இடத்தில் கார்டில் பணம் கட்டிய வங்கிப் பதிவு, கார் வீட்டு வாசலில் நின்றது தெரியும் பக்கத்து வீட்டு டோர்பெல் கேமரா என எது கிடைத்தாலும். அந்த இடைநேரத்தை நிரப்பும் ஒரு சான்று கேமரா படத்துக்குச் சமம். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று காட்டுவதைவிடக் கார் எங்கே இருந்தது என்று காட்டும் சான்றுகளை முதலில் வையுங்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

கம்பெனி முறையீட்டை நிராகரித்தால், அது எந்தச் சங்கத்தில் உறுப்பினரோ அதைப் பொறுத்து போப்லா அல்லது ஐ.ஏ.எஸ் என்ற முறையீட்டு அமைப்பிடம் போகலாம். நிராகரித்த கடிதத்திலேயே விவரம் இருக்கும். போப்லாவுக்கு 28 நாள் அவகாசம், ஐ.ஏ.எஸ்-க்கு எத்தனை நாள் என்று அந்தக் கடிதத்திலேயே பாருங்கள். போப்லாவின் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. அதற்குள் பதிவுகள் வந்திருந்தால் அங்கே சமர்ப்பிக்கலாம். வராவிட்டால் எந்த நாளில் கேட்டோம், என்ன பதில் வந்தது என்ற மின்னஞ்சல் தொடரையே சமர்ப்பியுங்கள். தன்னிடம் இருக்கும் பதிவைக் கேட்டும் காட்டாத கம்பெனி, தன் கணக்குத்தான் சரி என்று வாதிடுவது அவ்வளவு எளிதல்ல.

ஒரு மாதம் கடந்தும் பதில் இல்லை என்றால் முதலில் கம்பெனிக்கே ஒரு புகார்க் கடிதம் எழுதுங்கள். அதற்கும் சரியான பதில் இல்லாவிட்டால் ஐ.சி.ஓ-வில் இலவசமாகப் புகார் செய்யலாம். கடைசியாகப் பயனுள்ள பதில் வந்து மூன்று மாதத்துக்குள் செய்வது நல்லது. ஐ.சி.ஓ உங்களுக்கு நட்டஈடு வாங்கித் தராது, கட்டணத்தையும் ரத்து செய்யாது. ஆனால் விதியைப் பின்பற்றும்படி கம்பெனிக்கு எழுதும், பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கிறது. நீதிமன்றத்தின் மூலம் தகவலைப் பெறவும் மன உளைச்சலுக்கு நட்டஈடு கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது என்றாலும், இந்த அளவு விவகாரத்துக்கு அந்தச் செலவையும் அலைச்சலையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டி.வி.எல்.ஏ-வையும் மறந்துவிடாதீர்கள். பார்க்கிங் கம்பெனிகள் உங்கள் முகவரியை அங்கிருந்துதான் வாங்குகின்றன, ஒரு விவரத்துக்கு 2.50 பவுண்டு கொடுத்து. உங்கள் கணவரின் விவரத்தை யார் எந்த நாளில் வாங்கினார்கள் என்று அவர் டி.வி.எல்.ஏ-விடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கம்பெனி சொல்லும் தேதியோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்க உதவும்.

வீசாவைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஆட்களில் பலர் நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் பணத்தைக் கட்டிவிடுவது இந்தப் பயத்தால்தான். இது தனியார் கம்பெனி ஒப்பந்த மீறல் என்று சொல்லிக் கேட்கும் பணம். போலீசோ கவுன்சிலோ விதித்த அபராதம் அல்ல, குற்றப் பதிவும் அல்ல. தகவலைக் கேட்டதற்காக உங்கள் மேல் யாரும் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது. கடன் வசூல் நிறுவனங்களிடமிருந்து சிவப்பு எழுத்தில் கடிதங்கள் வரலாம். அவர்கள் நீதிமன்ற பெய்லிஃப் அல்ல, வீட்டுக்குள் வரவோ பொருளை எடுக்கவோ அதிகாரம் இல்லாதவர்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது: கவுண்டி கோர்ட்டிலிருந்து வரும் கோரிக்கைப் படிவம். அதற்குப் பதில் போடாமல் விட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும், ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் கடன் மதிப்பீட்டிலும் ஆறு ஆண்டுகளுக்கு ஏறிவிடும். அப்படி ஒரு படிவம் வந்தால், வந்த அன்றே உறையோடு எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது எனக்கு எழுதுங்கள்.